அந்தி வெயிலும் ஒரு ஃப்ளாஷும்: வெளியில் ஜோடிப் படம் எடுக்கும் முறை

அந்தி வெயிலில் ஜோடியை நிறுத்திப் படம் எடுத்தால் வழக்கமாக இரண்டில் ஒன்று கெடும். வானத்தின் நிறம் வந்தால் முகம் இருண்டுவிடும். முகத்துக்கு வெளிச்சம் கூட்டினால் வானம் வெளுத்துவிடும். பிறகு கணினியில் உட்கார்ந்து முகத்தை மட்டும் ஏற்றினால் தோல் சாம்பல் பூத்துப் புள்ளி புள்ளியாக நிற்கும். ஒரு சாதாரண ஸ்பீட்லைட், அதைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து இயக்க ஒரு ட்ரிக்கர், வெளிச்சத்தை மென்மையாக்க ஒரு சாஃப்ட்பாக்ஸ் இருந்தால் வானமும் முகமும் ஒரே படத்தில் அமையும். அதற்கான வரிசைதான் இந்த அத்தியாயம். அந்தி நேரத்தில் தவறைத் திருத்த அவகாசம் கிடைக்காது. ஆகவே முதலில் வீட்டு மொட்டைமாடியில், தெரிந்த இருவரை வைத்துப் பழகிக்கொண்டு அப்புறம் அவுட்டோர் வேலைக்குப் போங்கள்.

நம் ஊரில் பொன்வெயில் ஒரு மணி நேரம் இருக்காது

‘கோல்டன் அவர்’ என்ற பெயரைப் பார்த்து ஒரு மணி நேரம் கையில் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 6 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் நமக்கு வேண்டிய மஞ்சள் ஒளி கிடைக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. அந்த 6 டிகிரியைக் கடக்க அதற்கு 24 முதல் 27 நிமிடம் போதும். லண்டனில் ஜூன் மாதத்தில் இதே இறக்கத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே எடுக்கப்பட்ட வீடியோவைப் பார்த்து இங்கே நேரம் ஒதுக்கினால் பாதி வேலையில் இருட்டிவிடும்.

சென்னையில் சூரியன் மறையும் நேரம் நவம்பர் கடைசியில் 5.40 மணியை ஒட்டியும், ஜூலைத் தொடக்கத்தில் 6.40 மணியை ஒட்டியும் இருக்கும். உங்கள் ஊருக்கும் தேதிக்கும் உரிய நேரத்தை ஃபோனில் பார்த்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்:

1. 90 நிமிடம் முன்: ஜோடி உடுத்தித் தயாராக இடத்தில் இருக்க வேண்டும். அந்தி வேலைகள் கெடுவதற்கு முதல் காரணம் தாமதமாக முடியும் மேக்கப்தான். நேரம் சொல்லும்போது அரை மணி முன்னதாகவே சொல்லுங்கள்.
2. 60 நிமிடம் முன்: மர நிழலிலோ சுவர் நிழலிலோ ஃப்ளாஷ் இல்லாமல் தொடங்குங்கள். ஜோடியின் கூச்சம் போக இந்த நேரம் வேண்டும்.
3. 40 நிமிடம் முன்: உதவியாளரை ஜோடியின் இடத்தில் நிறுத்தி ஃப்ளாஷைச் சோதியுங்கள்.
4. 25 நிமிடம் முன்: முக்கியமான படங்கள். சூரியன் கடைசி 5 நிமிடத்தை எட்டும்வரை இடம் மாறவே வேண்டாம்.
5. மறைந்த பின் 20 நிமிடம்: நீல வானப் படங்கள். பலரும் இதற்குள் பையைக் கட்டிவிடுகிறார்கள். ஃப்ளாஷ் வைத்திருப்பவருக்கு அன்றைய நல்ல படம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வருகிறது.

கோவை, தேனி, தென்காசிப் பக்கம் மேற்கே மலை நிற்கும். ஃபோன் காட்டுவது சமவெளி அடிவானத்துக்கான நேரம். மலை மறைக்கும் நேரம் அதற்கு முன்பே வந்துவிடும் என்பதால், முந்தைய நாள் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

இடம்: கடற்கரை என்றாலே கடலில் சூரியன் மறையாது

மெரினாவும் மாமல்லபுரமும் நாகப்பட்டினமும் கிழக்குக் கரை. அங்கே மாலைச் சூரியன் ஊர்ப் பக்கம், நமக்குப் பின்னால் இறங்குகிறது. ‘பீச்சில சன்செட் ஷூட் வேணும்’ என்று கேட்டு வரும் ஜோடிக்கு இதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. கிழக்குக் கரையில் உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, கடல் பின்னணியாக, ஜோடி மேற்கு நோக்கி நிற்பது. வெயில் நேராக முகத்தில் விழும், ஃப்ளாஷ் தேவையில்லை. சூரியன் மறைந்ததும் கிழக்கு வானத்தில் கீழே நீலப் பட்டையும் அதன் மேல் இளஞ்சிவப்பும் தோன்றும். அப்போது ஃப்ளாஷ் போட்டால் அந்தப் பின்னணியை மேற்குக் கரைக்காரர்கள்கூட விரும்புவார்கள். இன்னொன்று, நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்று, சவுக்குத் தோப்பு வழியாகவோ கட்டுமரங்களுக்கு மேலாகவோ வரும் வெயிலைப் பின்வெளிச்சமாக எடுப்பது. இதில் அலையை நீங்கள் பார்க்க மாட்டீர்கள். ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சூரியன் மறையும் திசையும் நகர்ந்துகொண்டே இருக்கும். நம் பகுதியில் ஜூனில் நேர்மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே. கோடையில் பார்த்துவைத்த மரச்சந்து தை மாதத்தில் உதவாது. படம் எடுக்கும் வாரத்திலேயே இடம் பாருங்கள்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் ஸ்டாண்ட் வைத்து எடுக்க முன் அனுமதி வேண்டும். வாயிலில் போய் நின்று கேட்டுப் பொழுதைப் போக்காதீர்கள்.

வெளிச்சம் அமைக்கும் வரிசை

ஷட்டர் வேகம் வானத்தின் வெளிச்சத்தை மட்டும் மாற்றும். ஃப்ளாஷின் பவர் முகத்தை மட்டும் மாற்றும். அபர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்து மாற்றும். இந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்.

1. கேமராவை மேனுவலில் வையுங்கள். படம் ரா வடிவில் பதிவாகட்டும்.
2. ஃப்ளாஷை அணைத்துவிட்டு வானத்தைச் சரிசெய்யுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200, அபர்ச்சர் எஃப் 4-இல் தொடங்கலாம். வானத்தின் நிறம் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்று அடர்த்தியாக வரும்வரை அபர்ச்சரை மாற்றுங்கள். ஜோடி இருட்டாகத் தெரியும். இருக்கட்டும்.
3. ஷட்டரை உங்கள் கேமராவின் சிங்க் வேகத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் இது 1/200 அல்லது 1/250. தாண்டினால் படத்தின் ஒரு விளிம்பில் கறுப்புப் பட்டை விழும்.
4. இப்போது ஃப்ளாஷை 1/8 பவரில் போடுங்கள். சாஃப்ட்பாக்ஸ் ஜோடியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கட்டும்.
5. ஒரு படம் எடுத்து முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். குறைவென்றால் 1/4, அதிகமென்றால் 1/16. வானத்தை இப்போது தொடாதீர்கள்.
6. முகம் சரியாகத் தெரிந்ததும் ஃப்ளாஷை இன்னும் மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கேமராவின் சின்னத் திரை அந்தி மங்கலில் பளிச்சென்று தெரியும். அதை நம்பி அளந்தால் ஃப்ளாஷ் பெரும்பாலும் குறைந்துபோகும்.
7. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். சூரியன் இறங்க இறங்க ஷட்டரை 1/160, 1/125 என்று குறைத்துக்கொண்டே வந்தால் வானம் அதே அடர்த்தியில் நிற்கும். ஃப்ளாஷ் மாறாது.

டிடிஎல் என்னும் தானியங்கி முறையை இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சட்டை சட்டகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்துப் படத்துக்குப் படம் பவர் மாறிவிடும். ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும்போது அது பளிச்சென்று தெரியும்.

சூரியன் இன்னும் மேலே இருக்கும்போதே எஃப் 2-இல் பின்னணியை மங்கவைத்து எடுக்க ஆசைப்பட்டால், லென்ஸில் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டரை மாட்டுங்கள். ஹை ஸ்பீட் சிங்க் முறையும் உண்டு. ஆனால் அதில் ஃப்ளாஷின் பலம் நான்கில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும்; பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

ஃப்ளாஷை எங்கே நிறுத்துவது?

சூரியன் ஜோடிக்குப் பின்னால் வலப்புறம் இருந்தால், ஃப்ளாஷை முன்னால் இடப்புறம் வைக்கச் சொல்வார்கள். குறுக்கு வெளிச்சம் முடியிலும் தோளிலும் பொன் விளிம்பு போடும், எடுப்பாக இருக்கும். ஆனால் பார்த்ததுமே ‘லைட் போட்டு எடுத்தது’ என்று தெரிந்துவிடும். நான் பெரும்பாலும் ஃப்ளாஷைச் சூரியன் இருக்கும் பக்கமே, முன்னால் கொண்டுவந்து வைப்பேன். வெயிலே முகம்வரை சுற்றி வந்து விழுந்ததுபோல இருக்கும். இரண்டையும் ஒரே ஜோடியில் எடுத்துப் பார்த்து உங்கள் கைக்கு எது பழகுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம்: உயரமானவரின் கண்ணுக்கு மேல் இரண்டு சாண், அங்கிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்து. கண்மணியில் மேல்பக்கம் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தால் உயரம் சரி. கண்ணுக்குக் கீழே நிழல் தேங்கினால் ஃப்ளாஷ் அதிக உயரத்தில் இருக்கிறது.

ஜோடியில் ஒருவர் ஃப்ளாஷுக்குப் பக்கத்திலும் மற்றவர் தள்ளியும் நிற்பார்கள் என்பதை மறக்காதீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். ஒரு மீட்டரில் ஒருவர், ஒன்றரை மீட்டரில் இன்னொருவர் என்றால் பின்னவருக்குப் பாதிக்கும் குறைவான வெளிச்சமே கிடைக்கும். இதைச் சரிசெய்ய சாஃப்ட்பாக்ஸின் நடுப்பகுதியைத் தள்ளி நிற்பவரை நோக்கித் திருப்புங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அதன் ஓர ஒளி போதும்.

தோல், பட்டு, ஜரிகை

மாநிறமோ கறுப்போ, அந்தத் தோலை அதன் நிறத்திலேயே எடுங்கள். ஃப்ளாஷைக் கூட்டி மணப்பெண்ணை ‘கலராக’க் காட்டும் பழக்கம் நம் ஸ்டுடியோக்களில் நெடுநாளாக இருக்கிறது. அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைக்கிறேன். படமாகவும் அது தோற்றுவிடும்: நெற்றியும் மூக்கும் வெளுத்துக் கழுத்து வேறு நிறமாக நிற்கும். வெள்ளைப் பட்டு வேட்டியில் மடிப்புக் கோடுகள் தெரியும் அளவுக்கு வெளிச்சத்தை நிறுத்திப் பாருங்கள். கறுத்த தோலில் கன்னத்தின் மேட்டில் ஒரு மென்பளபளப்பு வரும். அதற்கு இணையாக எந்த மேக்கப்பும் இல்லை. இருவரில் நிறம் அடர்ந்தவரை ஃப்ளாஷ் பக்கம் நிறுத்தினால் இருவருக்கும் ஒரே அளவில் விவரம் கிடைக்கும்.

ஜரிகை ஃப்ளாஷை அப்படியே திருப்பி அடிக்கும். முந்தானையில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால் பவரைக் குறைக்க வேண்டாம். பெண்ணை ஒரு கால் அடி திரும்பச் சொல்லுங்கள், திட்டு போய்விடும். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். வியர்வையை ஒற்றி எடுக்க மெல்லிய டிஷ்யூ பையில் இருக்கட்டும். தேய்த்தால் மேக்கப் கலையும், ஒற்ற மட்டுமே வேண்டும்.

ஃப்ளாஷின் வெளிச்சம் வெள்ளை. அந்தி வெயில் மஞ்சள். இரண்டும் ஒட்ட வேண்டுமென்றால் ஃப்ளாஷின் முகப்பில் சிடிஓ என்னும் ஆரஞ்சு ஜெல் ஒட்ட வேண்டும். சூரியன் சற்று மேலே இருக்கும்போது கால் சிடிஓ, அடிவானத்தைத் தொடும்போது அரை சிடிஓ. கேமராவின் வைட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5,500 கெல்வினில் நிறுத்துங்கள். ஆட்டோ என்பது அந்தியின் நிறத்தைத்தான் முதலில் துடைக்கும். மயில்நீலம், இலைப்பச்சைப் புடவைகள் அரை சிடிஓவில் மங்கிப்போகும். அவற்றுக்குக் கால் ஜெல்லோடு நின்றுவிடுங்கள்.

நிற்க வைப்பது

‘க்ளோஸா நில்லுங்க, சிரிங்க’ என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. பல ஜோடிகள் அன்றுதான் ஒருவர் கையை ஒருவர் மற்றவர் முன்னிலையில் பிடிக்கிறார்கள். பெண்ணின் சித்தியோ மாப்பிள்ளையின் அக்காவோ பத்தடி தள்ளி நிற்பார். அந்தச் சூழலை மதித்து வேலை செய்யுங்கள். முத்தமிடச் சொல்வது, இடுப்பைப் பிடிக்கச் சொல்வது எல்லாம் அவர்களாகக் கேட்டால் மட்டும். உடன் வந்தவரைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ஜோடியின் தோள் தானாகத் தளரும்.

நிற்க வைக்காமல் ஒரு வேலை கொடுங்கள்.

‘அண்ணா, அக்கா தலையில பூ கொஞ்சம் சாஞ்சிருக்கு பாருங்க, மெதுவா சரி பண்ணி விடுங்க.’

இதில் அவருடைய இரண்டு கைகளுக்கும் வேலை கிடைக்கிறது. தலை அவள் பக்கம் குனிகிறது. அவள் அசையாமல் நின்று கண்ணைத் தாழ்த்துகிறாள். பூ சரியான பிறகு அவள் நிமிர்ந்து அவரைப் பார்க்கும் அந்த ஒரு கணம்தான் உங்கள் படம். பூ வைக்கும்போது எடுத்து முடித்துவிட்டுக் கேமராவை இறக்கிவிடாதீர்கள்.

‘அக்கா, நீங்க முன்னாடி நடங்க, அண்ணா கையை விட்டுடாதீங்க. என்னைப் பார்க்க வேண்டாம்.’ நடக்கும்போது முந்தானை காற்றில் எழும். பின்வெளிச்சத்தில் மெல்லிய பட்டு உள்ளிருந்து ஒளிரும். ஃப்ளாஷ் பிடிப்பவர் அதே தூரத்தைக் காத்துக் கூடவே நடக்க வேண்டும். இதற்காகவே ஸ்டாண்டைவிடக் கையில் பிடிக்கும் கோல் மேல்.

நின்ற நிலையில் எடுக்கும்போது காலிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள்:

1. கால்: உடல் எடை பின்னங்காலில். முன்னங்கால் சற்றுத் தளர்ந்து மடியட்டும்.
2. உடல்: இருவரும் கேமராவுக்கு நேராக நிற்காமல் ஒருவரையொருவர் நோக்கி அரைவாசி திரும்பட்டும்.
3. இடைவெளி: தோள் தொடட்டும், வயிற்றுப் பகுதியில் கொஞ்சம் ஒளி புகட்டும். இரண்டு பேரும் ஒரே நிழலாக ஒட்டிவிட்டால் உருவம் தெரியாது.
4. கை: சும்மா தொங்கும் கை ஒன்றுகூட இருக்கக் கூடாது. விரல்கள் பிடிக்காமல், தொட்டால் போதும்.
5. முகவாய்: சற்று முன்னால் நீட்டிக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள்.
6. மூக்கு: பக்கவாட்டில் திரும்பும்போது மூக்கின் நுனி கன்னத்தின் கோட்டைத் தாண்டக் கூடாது. ஒன்று கொஞ்சம் குறைவாகத் திரும்பட்டும், இல்லையென்றால் முழுப் பக்கமுகமாகட்டும்.

உயர வித்தியாசம் அதிகமென்றால் படிக்கட்டையோ கரைச் சரிவையோ தேடுங்கள். குள்ளமானவரைச் செங்கல்லில் ஏற்றாதீர்கள். அந்த உறுத்தல் முகத்தில் தெரியும். உயரமானவரை உட்கார வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

சூரியனைப் பெரிதாகக் காட்ட 200 மி.மீ. லென்ஸும் தூரமும் வேண்டும். நீங்கள் முப்பது நாற்பது அடி பின்னால் போங்கள். ஃப்ளாஷ் ஜோடியின் பக்கத்திலேயே, சட்டகத்துக்கு வெளியே நிற்கட்டும். சூரிய வட்டத்தை இரண்டு தலைகளுக்கு நடுவே மறைத்தும் மறைக்காமலும் வைத்தால் ஒளிச்சிதறல் கட்டுக்குள் இருக்கும். ஃபோகஸ் தடுமாறினால் வட்டத்தை ஒருவர் தலையால் முழுக்க மறைத்து, கண்ணில் ஃபோகஸைப் பூட்டி, பிறகு அரை அடி நகருங்கள்.

சூரியன் மறைந்த பிறகு

அரை ஜெல்லைக் கழற்றி முழு சிடிஓவை ஒட்டுங்கள். வைட் பேலன்ஸை 3,500 கெல்வினுக்கு இறக்குங்கள். முகம் இயல்பாகவும் வானம் ஆழ்ந்த நீலமாகவும் வரும். ஷட்டரை 1/60 வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் ஜோடி அசையாமல் நிற்க வேண்டும். அதன் பிறகு ஐஎஸ்ஓவை 400-க்கு ஏற்றுங்கள். ஐஎஸ்ஓ இரண்டு ஸ்டாப் ஏறினால் ஃப்ளாஷ் பவரை இரண்டு ஸ்டாப் இறக்க வேண்டும்: 1/8 இருந்தால் 1/32. ஃபோகஸுக்கு ஃபோனின் டார்ச் போதும்.

பாதுகாப்பு

- கண்ணாடி வ்யூஃபைண்டர் உள்ள டிஎஸ்எல்ஆரில், நீண்ட லென்ஸ் மாட்டிச் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். விழித்திரைக்கு நிரந்தரச் சேதம் வரும். பின்திரையைப் பார்த்து எடுங்கள்.
- கடற்கரைக் காற்றில் குடையோ பெரிய சாஃப்ட்பாக்ஸோ ஸ்டாண்டோடு சாயும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் மணல் நிரப்பிய பை கட்டுங்கள். காற்று கூடினால் 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸுக்கு மேல் எடுக்காதீர்கள்.
- தண்டவாளத்தில் ஜோடியை நிறுத்தவே கூடாது. ரயில்வே சட்டம், 1989-இன் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது ஆறு மாதம்வரை சிறைக்குரிய குற்றம். ரயில் வரும் வேகத்தைத் தண்டவாளத்தில் நிற்பவரால் கணிக்க முடியாது.
- பாசி பிடித்த பாறை, அருவித் தடாகம், அணை மதகு, அலை அடிக்கும் தூண்டில் வளைவு ஆகிய இடங்களில் புடவையும் தழைந்த வேட்டியும் ஆபத்து. நனைந்த பட்டு காலைச் சுற்றும். பின்னால் நகரச் சொல்லி ஜோடியை ஒருபோதும் நகர்த்தாதீர்கள்; நீங்கள் முன்னால் வாருங்கள்.
- முழுப் பவரில் தொடர்ந்து அடித்தால் ஃப்ளாஷும் பேட்டரியும் சூடேறும். தொட்டால் சுடுகிறதென்றால் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஜெல் முகப்பில் ஒட்டி உருகத் தொடங்குவது அதற்கு முன்னறிகுறி.

படம் சரியில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

முகத்துக்குப் பின்னால் எல்லாம் கறுத்து, நடுச்சாமத்தில் எடுத்ததுபோல இருந்தால் ஷட்டர் அதிக வேகத்தில் இருக்கிறது, குறையுங்கள். முகம் தட்டையாகத் தெரிந்தால் ஃப்ளாஷ் கேமராவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது, ஓரம் நகர்த்துங்கள். சில படங்களில் மட்டும் ஃப்ளாஷ் அடிக்கவில்லையென்றால் வேகமாகத் தொடர்ந்து எடுக்கிறீர்கள். மின்னேற்றம் முடிந்ததைக் காட்டும் விளக்கு எரியும்வரை பொறுங்கள். கண்ணுக்குக் கீழே ஆரஞ்சும் கழுத்தில் நீலமும் தெரிந்தால் ஜெல் முழு முகப்பையும் மூடவில்லை.

கடற்கரையிலிருந்து திரும்பியதும், சாப்பிட உட்காருவதற்கு முன்பே, லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவையும் ஃப்ளாஷின் அடித்தட்டையும் துடைத்துவிட்டு உலர்ந்த துணியால் மறுபடி ஒருமுறை துடையுங்கள். ஃப்ளாஷிலிருந்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். உப்பு ஓர் இரவு தங்கினாலே ட்ரிக்கரின் தொடுமுனை பச்சை பிடிக்கும்.